வாசல் விளக்கு எரிந்தால் குழந்தைகள் வருவார்கள்: முதல் ஹாலோவீனுக்கு ஒரு செய்முறை விளக்கம்

டொராண்டோவுக்கு வந்த முதல் ஆண்டு, அக்டோபர் 31 அன்று மாலை அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் ஓர் எலும்புக்கூடு, ஒரு தேனீ, என் இடுப்பளவு உயரத்தில் ஒரு தீயணைப்பு வீரர். மூவரும் பையை விரித்துப் பிடித்தபடி ஏதோ கத்தினார்கள். வீட்டில் மிட்டாய் இல்லை. முந்தைய நாள் சுட்ட முறுக்கு இருந்தது. ஆளுக்கு இரண்டு போட்டேன். பின்னால் நின்ற தாய் சிரித்தபடி நன்றி சொன்னார். மறுநாள் காலை நடைபாதை ஓரத்தில் ஆறு முறுக்கும் கிடந்தன. ஓர் அணில் மட்டும் அவற்றை மதித்துக்கொண்டிருந்தது.

அன்றுதான் ஹாலோவீன்: குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் நாள். அந்தக் குழந்தைகளை அழைத்தது நான்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. வாசல் விளக்கை அணைக்காமல் விட்டிருந்தேன். அந்த ஒரு மாலையில் எரியும் விளக்குக்கு ‘வாருங்கள்’ என்று பொருள். இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. பிறந்ததிலிருந்தே எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். டொராண்டோ வழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதை அந்தந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

படி 1: நாளும் நேரமும்

எந்தக் கிழமையானாலும் அக்டோபர் 31தான். விடுமுறை கிடையாது; அலுவலகத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். ஐந்தரை மணிக்கு நடை பழகும் குழந்தைகள் வரத் தொடங்குவார்கள். ஆறிலிருந்து ஏழரை வரை கூட்டம். எட்டு மணிக்கு மேல் வருபவர்கள் பெரும்பாலும் மீசை அரும்பியவர்கள். அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், இன்னும் ஓர் ஆண்டு குழந்தையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்று இங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய 6.10க்கு. நாற்பது வயதுக்காரர்களைக் கேட்டால், தங்கள் காலத்தில் ஐந்தேகாலுக்கே இருட்டிவிடும் என்பார்கள். அது பழம்பெருமை அல்ல, உண்மைதான். 2007க்கு முன்பு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள் அக்டோபரின் கடைசி ஞாயிறாக இருந்தது. இப்போது நவம்பரின் முதல் ஞாயிறு. எனவே இன்றைய குட்டிப் பேய்கள் பாதி நேரம் வெளிச்சத்திலேயே அலைகின்றன.

எல்லா ஊரிலும் இதே நாள் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டி மாயின் நகரில் 1938 முதல் நெடுங்காலம் 30ஆம் தேதிதான் வீடு வீடாகப் போனார்கள். போர்ச்சுகலில் நவம்பர் 1 காலையில் குழந்தைகள் துணிப்பையோடு கிளம்புவார்கள். ‘கடவுளின் பேரால் ரொட்டி’ என்று கேட்பது அங்கே பழைய முறை. முகமூடி இல்லை, பேய் இல்லை, இருட்டும் இல்லை.

படி 2: விளக்கை ஏற்றுவதா, அணைப்பதா என்று முடிவு செய்யுங்கள்

கலந்துகொள்ள விருப்பமில்லையா? வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மணியும் அடிக்காது. சமய நம்பிக்கையால் ஒதுங்குபவர்கள் உண்டு, இரவு வேலைக்குப் போய்வந்து உறங்குபவர்கள் உண்டு. மிட்டாய் தீர்ந்துவிட்டாலும் இதே வழிதான்: விளக்கை அணைத்தால் கடை அடைத்தாயிற்று என்று பொருள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்த்தளத்திலோ லிப்ட் அருகிலோ தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விருப்பமுள்ளவர்கள் அதில் வீட்டு எண்ணை எழுதுவார்கள்.

படி 3: மிட்டாய் வாங்குதல்

உறையிட்ட சின்னச் சாக்லேட்டுகள், கையளவு சிப்ஸ் பாக்கெட்டுகள். அவ்வளவுதான். எத்தனை வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒரே பேட்டையில் ஒரு தெருவுக்கு 20 பேரும் அடுத்த தெருவுக்கு 150 பேரும் வருவதுண்டு. உங்களுக்குப் பிடித்த வகையாக வாங்குங்கள், ஏனென்றால் மீதி உங்களுக்குத்தான்.

வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். என் முறுக்கு தோற்றது சுவையால் அல்ல என்று இன்றுவரை நம்புகிறேன். இரண்டு தலைமுறைக்கு முன்பு இங்கேயும் பாகில் தோய்த்த ஆப்பிள், சோளப்பொரி உருண்டை, வீட்டில் சுட்ட பிஸ்கட் என்றுதான் கொடுத்தார்கள். மேற்குக் கனடாவில் வாசலில் நின்று ‘ஹாலோவீன் ஆப்பிள்’ என்று குரல் கொடுத்து வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஆப்பிள் ஏன் மறைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் நிறைய. கடலை இல்லாத வகைகளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறம் பூசிய பறங்கிக்காயைப் பார்க்கலாம். மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில், ஸ்டிக்கர் போன்றவையும் இங்கே கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். 2014 முதல் பரவலான வழக்கம் இது.

படி 4: பறங்கிக்காய் செதுக்குதல்

இலங்கை நண்பர்கள் பூசணிக்காய் என்பார்கள். சண்டை வேண்டாம், காய் ஒன்றுதான். புது வீட்டு முகப்பில் கோரைப்பல்லும் உருண்டைக் கண்ணுமாக முகம் வரைந்து தொங்கவிடும் திருஷ்டிப் பூசணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வாசற்படியில் பல்லிளிக்கும் இந்தக் காய் புதிதாகவே தெரியாது.

உண்மையில் இது காய் மாறி வந்த வழக்கம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்கள். டோனகல் பகுதியிலிருந்து வந்த அப்படியொரு டர்னிப் முகத்தின் அச்சு வார்ப்பு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுருங்கிய தோலும் கோணல் பல்லுமாக, நம் பறங்கியைவிடப் பத்து மடங்கு பயமுறுத்தும். ஜாக் என்ற எத்தன் சாத்தானையே ஏமாற்றினானாம். செத்த பிறகு சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை. திரிசங்கு போல நடுவில் மாட்டிக்கொண்டு, குடைந்த டர்னிப்பில் ஒரு நெருப்புத் துண்டை வைத்துக்கொண்டு அலைகிறான் என்பது ஐரிஷ் கதை. அங்கிருந்து அமெரிக்கக் கண்டத்துக்குக் குடியேறியவர்கள் கைக்கு அடங்காத, குடைய எளிதான பறங்கிக்காயைக் கண்டார்கள். டர்னிப்பைக் கத்தியால் குடைந்து பார்த்தவர்களுக்கு அவர்களுடைய மகிழ்ச்சி புரியும்.

செய்முறை: ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு செதுக்குங்கள். அதற்கு முன் செய்தால் பூஞ்சை பிடித்து முகம் குழிந்துவிடும். காம்பைச் சுற்றி மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழும். விதையையும் நாரையும் பெரிய கரண்டியால் வழித்தெடுங்கள். முகத்தை முதலில் பேனாவால் வரைந்துகொண்டு, பிறகு சிறு ரம்பக் கத்தியால் அறுக்க வேண்டும். குழந்தைகள் வரையட்டும், அறுப்பது நீங்கள். உள்ளே பேட்டரி விளக்கு வைப்பது நல்லது. தரையில் புரளும் உடைகளோடு வருபவர்களுக்கு நடுவில் தீ எதற்கு? செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காய் நீர்த்த சுவை கொண்டது, சாம்பார் கனவு வேண்டாம். விதையை உப்பிட்டு வறுத்துக்கொள்ளலாம்.

படி 5: வேடம்

ஒரே ஒரு விதியைச் சொல்வேன்: குளிர்கால மேலங்கிக்கு மேல் போடும்படி பெரிய அளவில் வாங்குங்கள். இளவரசி உடையை அளவெடுத்து வாங்கிவிட்டு, அன்று மாலை இரண்டு டிகிரி குளிரில் அதை மூடி ஜாக்கெட் போட்டு அழும் குழந்தையைச் சமாதானப்படுத்திய அனுபவத்தில் சொல்கிறேன். கண்ணை மறைக்கும் முகமூடியைவிட முகப்பூச்சு மேல். முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டுங்கள். இன்னொன்று: பூர்வகுடி மக்களின் இறகுத் தலையணி போன்ற, பிறர் புனிதமாகக் கருதும் உடைகளை வேடமாக்க வேண்டாம். முன்பு கடைகளில் சாதாரணமாக விற்றவைதான், இப்போது வருத்தம் தருபவை.

2024இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. காலையில் பட்டுப்பாவாடை உடுத்திய என் மகள் அதைக் கழற்ற மறுத்துவிட்டாள். ‘எந்த நாட்டு இளவரசி?’ என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் ‘மதுரை’ என்றாள். மேலும் விளக்கம் யாரும் கேட்கவில்லை.

படி 6: வாசலில் என்ன சொல்வது, என்ன செய்வது

புல்வெளியை மிதிக்காமல் பாதை வழியாகப் போக வேண்டும். மணி அடித்து, கதவு திறந்ததும் ‘டிரிக் ஆர் ட்ரீட்’. கிண்ணத்தை நீட்டினால் ஒன்று மட்டும் எடுக்க வேண்டும். நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். வீட்டுக்குள் நுழையக் கூடாது. சிறு குழந்தைகளுடன் வரும் பெரியவர்கள் நடைபாதையிலேயே நிற்பார்கள்.

‘தருகிறாயா, சேட்டை செய்யட்டுமா’ என்ற இந்த மிரட்டல் ஒரு காலத்தில் மெய்யாகவே மிரட்டல்தான். 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள பிளாக்கி என்ற சிற்றூரில் நடந்த கூத்தை ஒரு செய்தித்தாள் எழுதியது: வண்டிச் சக்கரம், வாயிற்கதவு, பீப்பாய் எல்லாவற்றையும் இளவட்டங்கள் கழற்றிக் கொண்டுபோய்க் கடைவீதியில் குவித்துவிட்டார்கள், பின்வாசலிலும் முன்வாசலிலும் நின்று இதே சொற்களால் தின்பண்டம் கேட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் சர்க்கரை ரேஷன் வந்து எல்லாம் அடங்கியது. ரேஷன் 1947இல் விலகிய பிறகுதான் இன்று நாம் காணும் அடக்கமான வடிவம் கண்டம் முழுக்கப் பரவியது. அந்தத் தலைமுறையில் பலர் தலையணை உறையைத்தான் பையாக எடுத்துப் போனார்கள். கனடாவில் 1955 முதல் 2006 வரை பள்ளிப் பிள்ளைகள் கழுத்தில் ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபின் உண்டியல் பெட்டியும் தொங்கும். மிட்டாயோடு சில்லறையும் கேட்பார்கள். வயதான அண்டை வீட்டாரிடம் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

ஸ்காட்லாந்து முறையில் சும்மா கை நீட்டினால் எதுவும் கிடைக்காது. பாட்டு, கவிதை, நகைச்சுவைத் துணுக்கு என்று ஏதாவது செய்து காட்ட வேண்டும். டி மாயினிலும் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸிலும் இன்றும் குழந்தைகள் ஒரு கடிஜோக் சொல்லியே மிட்டாய் வாங்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொலு பார்க்கப் போன வீட்டில் ‘ஒரு பாட்டு பாடேன்’ என்று கேட்டு, பாடிய பிறகே சுண்டல் பொட்டலத்தை நீட்டிய மாமிகள் ஸ்காட்லாந்தில் நன்றாகப் பொருந்தியிருப்பார்கள். எங்கள் எதிர்வீட்டு ஸ்காட்லாந்துப் பெரியவர் துணுக்கு கேட்காமல் யாரையும் விட மாட்டார். குழந்தைகள் அவர் வீட்டுக்காகவே ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள். உங்கள் பிள்ளைக்கும் ஒன்றைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

படி 7: திரும்பி வந்த பின்

பையைக் கொட்டி, உறை கிழிந்தவற்றையும் ஒவ்வாதவற்றையும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அஞ்ச வேண்டாம். ஆப்பிளில் பிளேடு, மிட்டாயில் விஷம் என்ற கதைகள் 1960களின் கடைசியிலிருந்தே சுற்றுகின்றன. வீட்டுப் பண்டங்கள் மறைந்ததற்குப் பெரும் காரணம் அவைதான். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முகம் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாகவோ பெரும் காயமடைந்ததாகவோ உறுதியான ஒரு நிகழ்வைக்கூட அவர் காணவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாயால் இறந்தான். கொடுத்தது அந்நியர் அல்ல, காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய தகப்பன். ஹாலோவீன் இரவில் மிட்டாயைவிடச் சாலையில்தான் கவனம் வேண்டும். காருக்கு முன் திடீரென ஓடும் குழந்தைகளே உண்மையான கவலை.

பிறகு பிள்ளைகள் உட்கார்ந்து பண்டமாற்று செய்வார்கள். இரண்டு சிப்ஸுக்கு ஒரு சாக்லேட். தலையிடாதீர்கள்.

படி 8: மறுநாள்

டொராண்டோவின் மேற்குப் பகுதியில் சோரரென் பூங்கா இருக்கிறது. நவம்பர் 1 மாலை மக்கள் தங்கள் பறங்கிகளைக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கி, கடைசியாக ஒருமுறை விளக்கேற்றுவார்கள். சிரிப்பவை, அலறுபவை, மூக்கை அணில் தின்றுவிட்டுப் போனவை எல்லாம் ஒன்றாக எரியும். அப்படி அணிவகுப்பு நடத்தும் பூங்காக்கள் வேறு சிலவும் உண்டு. போக முடியாவிட்டால் காயைப் பச்சைத் தொட்டிக் குப்பையோடு வையுங்கள், நகராட்சி அதை உரமாக்கிவிடும். உள்ளே இருக்கும் பேட்டரி விளக்கை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். என்னுடையவை இரண்டு அப்படித்தான் போயின.