4294967297: காரணி தேடும்போது சறுக்கும் இடங்கள்

32 இரண்டுகளைப் பெருக்கி 1 கூட்டினால் 4294967297 வரும். நம் வழக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதன் காரணிகளைத் தேடும்போது நாம் சறுக்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை, கணித மேதை ஃபெர்மாவே சறுக்கிய எண் இது. இரண்டுகளின் எண்ணிக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் இதே அமைப்பில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் அடுத்ததும் பகா எண்தான் என்று நம்பிவிட்டார். 1732-இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் இது 641 ஆல் மீதியின்றி வகுபடும் என்று காட்டினார்.

நம்மில் பலர் செய்வது, சின்னச் சோதனைகளோடு நின்றுவிடுவது. கடைசி இலக்கம் 7, ஆகவே 2, 5 இரண்டும் போகாது. இலக்கங்களின் கூடுதல் 59, ஆகவே 3 போகாது. 7, 11, 13 எதுவும் போகவில்லை. சரி, பகா எண் என்று எழுதிவிடுவோம். ஆனால் இதன் வர்க்கமூலம் 65536-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 641 அந்த வரிசையில் 116-ஆவது. வர்க்கமூலத்தைத் தாண்டியும் வகுத்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு, அது வீண் வேலை.

ஆய்லர் 116 முறை வகுக்கத் தேவையிருக்கவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64 ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடும்.

தாளில் வகுக்கும்போதும் ஒரு பள்ளம் இருக்கிறது. 4294-இல் 641 ஆறு முறை, மீதி 448. 9-ஐ இறக்கினால் 4489, ஏழு முறை, மீதி 2. அடுத்து 6-ஐ இறக்கினால் 26, போகாது. 7-ஐ இறக்கினால் 267, அதுவும் போகாது. இங்கே ஈவில் இரண்டு பூஜ்யம் போட மறந்தால் விடை 67417 ஆகிவிடும். சரியான ஈவு 6700417, ஏழு இலக்கம். எத்தனை இலக்கம் வரும் என்று முதலிலேயே எண்ணி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், 641 கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 6700417-ஐயும் 2588 வரை சோதிக்க வேண்டும். அது பகா எண்தான். ஆகவே மொத்த வகுத்திகள் நான்கே: 1, 641, 6700417, அந்த எண்.

"கணினி இருக்கே" என்பவர்களுக்கு ஒன்று. எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். இதே வரிசையில் அடுத்து வரும் 18446744073709551617-ஐ அதில் தட்டினால் கடைசி ஐந்து இலக்கங்களும் பூஜ்யமாகிவிடும். 4294967297-க்கு எக்செல் போதும். ஆனால் நிரல் எழுதி 32 பிட் மாறியில் (32 இரும இலக்கம் மட்டுமே பிடிக்கும் இடம்) போட்டால், மேலே இருக்கும் பிட் வெட்டுப்பட்டு வெறும் 1 மிஞ்சும். 1 பகா எண் அல்ல, ஆகவே நிரல் "பகா எண் இல்லை" என்று சொல்லும். விடை சரி, சோதித்த எண்தான் வேறு.