பார்சலைப் பிரித்தேனா, பிரிந்தேனா?

புதிதாகத் தமிழ் கற்கும் என் அலுவலக நண்பர் எல்லாவற்றுக்கும் 'திற' என்றே சொல்வார். பார்சலைத் திற, கவரைத் திற, முடிச்சைக்கூடத் திற. சொல்ல வருவது புரியும், ஆனாலும் காதில் இடறும். அவருக்குச் சொல்லிக்கொடுத்து, அது பலித்த பிறகு இதை எழுதுகிறேன். எழுத்தும் வேற்றுமை உருபும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பொருள் எதனால் மூடியிருக்கிறது என்று பாருங்கள். மூடியோ கதவோ இருந்தால் திற. மடித்தோ ஒட்டியோ சுற்றியோ வைத்திருந்தால் பிரி. கடிதம், பிஸ்கட் பாக்கெட் எல்லாம் இதில்தான் வரும், புத்தகத்தைக்கூடப் பிரித்துப் படி என்போம். முடிச்சு என்றால் அவிழ். அரக்கு முத்திரை என்றால் உடை.

அடுத்து இறந்த காலம். எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். 'பார்சலைப் பிரித்தேன்' என்றால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டீர்கள். 'பார்சலைப் பிரிந்தேன்' என்றால் அதை விட்டு விலகி வந்துவிட்டீர்கள்! தானாக நடந்தால் 'ந்த்', நீங்கள் செய்தால் 'த்த்': கட்டு பிரிந்தது, கட்டைப் பிரித்தேன், முத்திரை உடைந்தது, முத்திரையை உடைத்தேன். அவிழ்ந்தது, அவிழ்த்தேன் என்பதும் அப்படியே. 'திற' மட்டும் இதில் சேராது. கதவு திறந்தது, கதவைத் திறந்தேன், இரண்டுக்கும் 'ந்த்' தான். இதை மட்டும் தனியாக மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி பெரிய பொக்கிஷம்தான், ஆனால் தொடக்கநிலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். க்ரியாவில் 'பிரிய, பிரிந்து' ஒரு பதிவு, 'பிரிக்க, பிரித்து' இன்னொரு பதிவு, எடுத்துக்காட்டு வாக்கியமும் உண்டு.

சேர்க்கை: கடைக்கு வைத்த சீலுக்கு என்ன வினை என்று ஒருவர் கேட்டிருந்தார். அதிகாரியே எடுத்தால் 'அகற்றினார்', கடைக்காரர் தானாக எடுத்தால் 'உடைத்தார்'. எழுத்தில் 'முத்திரையை' என்றே எழுதுங்கள், 'சீலை' என்றால் பல ஊர்களில் புடவை.

இன்னொருவர் கேட்டது கோலி சோடா. அதற்கு மூடியே கிடையாது. உள்ளிருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவைக்கிறது. கோலியை உள்ளே அமுக்கினால்தான் வழி. பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது, இருந்தாலும் கடையில் 'அண்ணே, ஒரு சோடா உடைங்க' என்றுதான் கேட்க வேண்டும்.