ரொட்டியும் பருப்பும் எனக்குத் தந்த தசைவலு

இலங்கையின் ஹட்டனில் மாலை எடைப்பயிற்சிக்குப் பின் நான் உண்டுவந்த கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வயிற்றை நிறைத்தனவே தவிர, தசை வளரப் போதிய புரதத்தைத் தரவில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் என்ற பரவலான பரிந்துரையின்படி, 60 கிலோ எடையுள்ள எனக்கு 96 கிராம் தேவைப்பட்டது. விலை கூடிய புரதமாவை நாடாமல், ரொட்டியுடன் கெட்டியான மைசூர்ப் பருப்புக் கறியையும், ஏறக்குறைய 18 கிராம் புரதம் தரும் மூன்று அவித்த முட்டைகளையும் சேர்த்தேன். கோதுமையில் குறைந்திருக்கும் லைசீன் என்ற புரதக் கூறைப் பருப்பு ஈடுசெய்வதால், இது மிகச் சிறந்த சேர்க்கை என்றே கருதுகிறேன். பயிற்சி முடிந்த அரைமணிக்குள் உண்டே தீரவேண்டும் என்ற பதற்றமும் வேண்டியதில்லை. நாள் முழுவதற்குமான மொத்த அளவே முக்கியம் என்பதால், காலையில் கடலையும் மதியத்தில் நெத்தலிக் கருவாடும் உண்கிறேன். தூக்கும் எடை இப்போது சீராகக் கூடிவருகிறது.