வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைச் சக்கர நாற்காலிக்கு ஏற்ப மாற்ற: கழிவறையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு அளவுநாடாவும் ஒட்டுநாடாவும் கையில் இருக்கட்டும். ஆள் உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலியை அளக்க வேண்டும். சக்கரத்தைத் தாமே தள்ளுபவர் என்றால் முழங்கைகள் வெளியே வரும் அகலத்தையும் சேருங்கள். பின்னால் ஒருவர் தள்ளுவதென்றால் கால்தாங்கியின் நுனியிலிருந்து தள்ளுபவரின் குதிகால் வரை அளக்க வேண்டும். மெத்தை போட்ட இருக்கை தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழிவறை வேலைக்கு இந்த எண் இல்லாமல் முடியாது.

கதவுகளைச் சட்டத்துக்குச் சட்டம் அளப்பது பலரும் செய்யும் தவறு. கதவைச் செங்கோணத்தில் திறந்து வைத்து, பலகையின் முகத்திலிருந்து எதிர்ச்சட்டத்தின் விளிம்பு வரை உள்ள இடைவெளிதான் கணக்கு. 85 செ.மீ. இருந்தால் நிம்மதி. பழைய வீடுகளின் குளியலறைக் கதவு அந்த அளவை எட்டாது. மடிப்புக் கதவு போட்டிருந்தால், மடிந்து நிற்கும் பலகையே இன்னும் கொஞ்ச இடத்தைத் தின்றுவிடும். நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ.க்கு 150 செ.மீ. வேண்டும். ஒட்டுநாடாவால் அந்தச் சதுரத்தைத் தரையில் போட்டுப் பாருங்கள். சுவரை இடிக்க நினைத்த இடத்தில் ஒரு சோபாவை நகர்த்தினாலே போதும் என்று பல வீடுகளில் தெரியவரும்.

இனி கழிவறை. நேரமும் பணமும் குறைவாக இருந்தால் இந்த ஓர் அறையை மட்டுமாவது சரியாகச் செய்யுங்கள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஆள் எப்படிக் கழிவறைக்குப் போவார் என்பது. நாற்காலியிலிருந்து பீங்கான் இருக்கைக்கு மாறி உட்காருபவர் என்றால் இரண்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 45 முதல் 48 செ.மீ. வரை வரும். ஆனால் சக்கரம் வைத்த கழிவறை நாற்காலியை அப்படியே பீங்கானுக்கு மேல் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு இருக்கையை உயர்த்தவே கூடாது, நாற்காலியின் அடிச்சட்டம் இடித்து நின்றுவிடும். இதை யோசிக்காமல் உயரமான பீங்கானை வாங்கிப் பொருத்திவிட்டு மறுபடியும் உடைப்பவர்கள் உண்டு.

அடுத்தது கழிவறை வாசலில் உயர்ந்து நிற்கும் திட்டு. அதை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. திட்டுதான் இதுவரை தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்தது. அது போனபின் குளித்த நீர் வரவேற்பறைக்கு வரும். தரையின் சரிவை வடிகால் பக்கம் திருப்பி, வாசலோரம் நீளமான வடிகால் ஒன்று வைத்து, நீர்க்காப்புப் பூச்சை முழுவதும் புதிதாகப் போட வேண்டும். ஓடு பதிக்கும் முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிக்கச் சொல்லுங்கள். இதைத் தவிர்த்தால் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசியும்.

கதவு உள்பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடலே கதவை அடைத்துவிடும். சுவரில் இடமிருந்தால் நகரும் கதவு, இல்லையேல் வெளியே திறக்கும் கதவு. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.

கைப்பிடிக் கம்பியின் உயரத்தை அட்டவணை பார்த்து வைக்காதீர்கள். ஆளை உட்கார வைத்து, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 4 செ.மீ. போல இருக்கட்டும், அதிகமானால் முழங்கை வரை நழுவிச் சிக்கும். சுவரில் பதித்த ஓடுகளைத் தட்டிப் பார்த்து, வெற்றொலி வந்தால் அந்த இடத்தில் துளையிட வேண்டாம். மெல்லிய தடுப்புச் சுவராக இருந்தால் பின்னால் வலுவான தாங்கு பலகை வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிடிகளை நம்பவே நம்பாதீர்கள். துண்டு மாட்டும் கம்பியும் உடல் எடையைத் தாங்காது.

இவற்றில் பலவற்றை, முதியோர் வீடுகளில் இத்தகைய மாற்றங்களுக்கு உதவும் வீவகவின் ஈஸ் (EASE) திட்டத்தில் செய்துகொள்ளலாம். வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருக்க வேண்டும். 60 முதல் 64 வயது என்றால், குளித்தல், உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல் ஒன்றிலாவது உதவி தேவை என்ற சான்று வேண்டும். கழிவறைத் தரைக்கு வழுக்காப் பூச்சு, கைப்பிடிக் கம்பிகள், சாய்தளம் ஆகியவை முன்பே இருந்தன. 2024 ஏப்ரலில் விரிவாக்கப்பட்டபின் மடக்கு இருக்கை, கழிவறை வாசலை அகலப்படுத்துதல் போன்றவையும் சேர்ந்தன. சிங்கப்பூரர் வீடுகளுக்கு அரசாங்கம் செலவில் 95 விழுக்காடு வரை ஏற்கிறது. வெளியே குத்தகையாளரை அமர்த்துவதென்றால் வீவக பட்டியலில் உள்ளவராகப் பாருங்கள். சுவரை உடைக்க அனுமதி தேவை. கட்டடத்தைத் தாங்கும் கட்டமைப்புச் சுவரைத் தொட முடியாது. புதிய வீட்டில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறையின் தரை, சுவர் ஓடுகளை அகற்றவும் முடியாது.

வீட்டு வாசலுக்கு வருவோம். சாய்தளத்துக்கு 1:12 என்ற விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்: 10 செ.மீ. படி என்றால் 120 செ.மீ. நீளம். மேலே சமதளம் இல்லாவிட்டால், இரும்புக் கதவின் பூட்டைத் திறக்கும் நேரத்தில் நாற்காலி பின்னோக்கி உருளும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் சாய்தளம் எவ்வளவு நீளலாம் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் ஒட்டிய கோலத்தாளின் ஓரம் சுருண்டால் சக்கரத்தில் மாட்டும், உரித்துவிடுங்கள். கால்மிதியும் வேண்டாம்.

சமையலறையில் அடுப்புகள் முன்னும் பின்னுமாக இல்லாமல் பக்கவாட்டில் இருப்பது நல்லது. பின்னடுப்பை எட்டக் கொதிக்கும் குழம்பின் மேல் கை நீட்ட வேண்டியிராது. கழுவுதொட்டியின் அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டால், வெந்நீர்க் குழாய்க்கு உறை போடுங்கள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் கால் சுடுவது தெரியாமல் போகலாம். அரிசி வாளிக்குச் சக்கரப் பலகை போதும்.

சாமி அலமாரியை மறந்துவிடுவார்கள். விளக்கேற்றியவர் தொடர்ந்து ஏற்ற வேண்டுமானால் அதை உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்குங்கள். விளக்கு முன்வரிசையில் இருக்கட்டும். சுடருக்கு மேல் கை நீட்டிப் பூ வைக்கும்படி அமைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முதல் ஒத்திகை உலர்ந்த தரையில், உடையோடு, பின்னால் ஒருவர் நிற்க நடக்கட்டும். இரண்டாவது தரையை நனைத்தபின். கம்பி கொஞ்சம் அசைந்தாலும் அன்றே கழற்றி மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள்.