ராமேஸ்வரம்: முதலில் தனுஷ்கோடி, அப்புறம் தீர்த்தம்

ராமேஸ்வரம் போகிறவர்கள் விடிந்ததும் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குக் கிளம்பிவிடுங்கள். தீர்த்தமாடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் குளித்து, உடை மாற்றி, தரிசனம் முடித்து, உச்சி வெயிலில் தனுஷ்கோடி போனால் மணலும் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து மறுபடி குளிக்க வைத்துவிடும். 1964 புயலில் அழிந்த ஊர் அது; ஒதுங்க நிழல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை.

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர்தான். வெயில் ஏறும் முன் திரும்பிவிட்டால், கோயிலுக்கு எதிரே கடலில் உள்ள அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தக் கிணறுகளிலும் ஆடி, ஒரே தடவை உடை மாற்றினால் போதும். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள் என்பதால், மாற்றுத்துணியைக் கையோடு வைத்திருங்கள். மதியம் நடை சாத்துவார்கள், அதற்குள் வந்துவிட வேண்டும்.

விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் வேண்டுமென்றால் இது சரிவராது, கோயிலுக்குத்தான் முதலில் போகணும். ஆடி, தை அமாவாசைக் கூட்டத்திலும் அப்படித்தான். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் தனுஷ்கோடி பக்கமே விடமாட்டார்கள்.