டிஸ்க் பிரேக் கத்தலை நிறுத்திய விதம்

நான் சைக்கிளில் ரிம் பிரேக்கிலிருந்து (சக்கர வளையத்தை ரப்பர் கட்டை பிடிப்பது) டிஸ்க்குக்கு மாறியதற்குக் காரணம் ஏற்காடு இறக்கம். மழையில் ரப்பர் கட்டை முதலில் ரிம்மின் ஈரத்தை வழித்த பிறகுதான் பிடிக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தத் தாமதம் வயிற்றைக் கலக்கும். டிஸ்க்கில் அந்தப் பயம் குறைவு. ஆனால் ஒரு சர்வீஸுக்குப் பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும் கீச்சல், பிடிப்பும் பாதிதான். செயினுக்கு அடித்த ஸ்பிரே ரோட்டரில், அதாவது பிரேக் பிடிக்கும் உலோகத் தட்டில், படிந்திருந்தது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால், கறை வருவது நிற்கும்வரை ரோட்டரைத் துடைத்தேன். ரோட்டரை இருபுறமும் அழுத்தும் பேடுகளைக் கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன் (தூசியை மூச்சில் இழுத்துவிடாதீர்கள்). அப்புறம் பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினேன். ரோட்டர் உரசாமல் நடுவில் நின்றது. கடைசியாக ஆளில்லாத சாலையில் 25 கி.மீ. வேகம் எடுத்து, சக்கரம் வழுக்காமல் நடை வேகத்துக்குக் குறைப்பது. இதையே திரும்பத் திரும்பச் செய்ததில் சத்தம் அடங்கி, பிடிப்பும் வந்தது.

எண்ணெய் ஆழமாக ஊறிய பேடுக்கு இந்த வைத்தியம் பலிக்காது, புதுசுதான் வாங்க வேண்டும். மழையில் டிஸ்க் கொஞ்சம் கத்தத்தான் செய்யும். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு ரிம் பிரேக்கே போதும் என்பேன். எடையும் குறைவு, பராமரிப்பும் எளிது.