கறுத்த ரூபாயைத் தேய்க்காதீர்கள்

போன மாசம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பழைய காசு கொண்டுவந்தார். தங்கசாலைத் தெருவில் வெள்ளிக் கடை ஒன்றில் பதினெட்டு வருஷமாகத் தராசு பிடிக்கிறேன், இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர். கைக்குட்டையில் தனியாக முடிந்திருந்த வைஷ்ணோ தேவி அம்மன் படம் போட்ட ஐந்து ரூபாயைத்தான் முதலில் நீட்டினார். “அண்ணா, இது பத்து லட்சம் போகுமாமே?”

போகாது. பெட்டிக்கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்கு மிட்டாய் வரும். டீ சொல்லிவிட்டு, மிச்சத்தையும் கொட்டச் சொன்னேன்.

முதல் வேலை காந்தம். ஸ்பீக்கர் காந்தம் போதும். 1947 ரூபாய் நிக்கல், டக்கென்று ஒட்டிக்கொள்ளும். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று குதிக்கக் கூடாது, அதற்குத்தான் தராசு. வெள்ளைக்காரன் காலத்து ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. கை பட்டுத் தேய்ந்ததில் கொஞ்சம் குறையலாம். 11க்குக் கீழே போனால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் வருஷம். 1939 வரை நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, அதாவது ஒரு காசில் சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை பாதிதான். அந்தப் பாதி வெள்ளிக்காரனை விளிம்பிலேயே கண்டுபிடிக்கலாம்: பல்வரிசைக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும், நகத்தால் தடவினாலே தெரியும். காந்தி தலை போட்ட 1969 பத்து ரூபாயிலும் 12 கிராம் வெள்ளி உண்டு. காசில் இருக்கும் வெள்ளி எடையை விற்கிற நாளின் வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அதற்கு மேலே கிடைக்குமா என்பது வேறு கணக்கு. பழசு என்பதற்காக யாரும் காசு தருவதில்லை. 1862 விக்டோரியா ரூபாயைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அதே வருஷத்தைப் போட்டே பல வருஷம் அடித்துத் தள்ளினார்கள், அதனால் ஏராளம். ஓட்டைக் காசும் அப்படித்தான். ராமர், சீதை, அனுமார் உருவத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று எழுதியிருந்தால் கம்பெனி அடித்த காசே இல்லை, பூஜை அறையில் வையுங்கள்.

தேடுகிறவர்கள் கேட்பது 1911, 1939 மாதிரி வருஷங்கள். 1911 ரூபாயில் ஜார்ஜ் ராஜா அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று ரகளையாகி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1939 என்றால் இன்னும் அரிது. போலியும் அதற்கேற்ற மாதிரி. நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டாமல் நம்பாதீர்கள்.

எந்த அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் ஆலையில், அடித்தது என்று காட்டும் குறியையும் பாருங்கள். எங்கள் தெருவுக்குப் பெயர் கொடுத்த அக்கசாலை 1869இலேயே மூடிவிட்டது, ஆகவே ஜார்ஜ் காசு எதுவும் இங்கே அடித்ததில்லை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்பக்கம், அடியில் இருக்கும் தாமரைக்குக் கீழே புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா.

கடைசியாக முகம். விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக் கிரீடத்தின் கல், தாடி முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தாலிக் கயிற்றில் கோக்க வளையம் பற்றவைத்த காசுக்குப் பெரும்பாலும் வெள்ளி விலைதான்.

தேய்ப்பதைப் பற்றி நான் சொல்லக் கேளுங்கள். கடைக்கு வந்த புதிதில் தாத்தாவின் 1911 ரூபாயைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோனேன். வாங்க வந்தவர் பூதக்கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தார், “யாருப்பா தேய்ச்சது?” என்றார், கீழே வைத்துவிட்டார். முதலில் சொன்ன விலையில் பாதிகூடத் தரவில்லை.

இன்னொன்று: காசை விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021இல் எச்சரித்தது.

காசிமேட்டு அம்மாவின் குவியலில் அடியில் கிடந்தது தார் மாதிரி கறுத்த ஒரு ரூபாய். 1919, 11.58 கிராம், தாடி அப்படியே இருந்தது. “ஐயோ, மாமியார் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தது. கறுத்துப்போச்சுன்னு தூக்கிப் போட இருந்தேன்” என்றார். விற்கவில்லை. படியிறங்கும்போது திரும்பி, விபூதி போட்டு லேசாகத் துடைக்கலாமா என்று கேட்டார்.